சிவப்பு ஃபவுண்டன் புல் பட்டுக்கோட்டையில் பிழைத்து நன்னிலத்தில் ஏன் சாகிறது?

நன்னிலம் பக்கம் புது வீடு கட்டிக் குடிபோன ஒருவரின் கேள்வி இது. வாசல் நடைபாதையின் இரு ஓரமும் அழகுக்கு வளர்க்கும் சிவப்பு ஃபவுண்டன் புல் வைத்திருக்கிறார். இரண்டு வருடத்தில் இரண்டு முறை வைத்தும் கார்த்திகையைத் தாண்டவில்லை. பட்டுக்கோட்டையில் இருக்கும் அவருடைய தங்கை அதே நர்சரியில் அதே நாளில் வாங்கிப்போன செடிகளோ இடுப்பளவு புதராக நிற்கின்றனவாம். "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று முடித்திருக்கிறார். மருந்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிய வேண்டியது, ஒரே செடி அங்கே பிழைத்து இங்கே ஏன் சாகிறது என்பதுதான். தங்கை வீட்டைப் பற்றிய அந்த ஒரு வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

நான் தோட்டக்கலை படித்து, இருபது வருடத்துக்கு மேலாகக் கும்பகோணம், மாயவரம், திருவாரூர் வட்டாரங்களில் வீட்டுத் தோட்டம் போட்டுக் கொடுக்கிறவன். இந்தப் புல்லை வளர்த்ததை விடக் கொன்றது அதிகம் என்று சொன்னாலும் தப்பில்லை. உங்கள் செடியை நேரில் பார்க்காமல் பேசுகிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செத்த தூர் ஒன்று இன்னும் மண்ணில் கிடந்தால் பிடுங்கிப் பாருங்கள். வேர் பழுப்பாகி, விரலால் இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று உள்ளே நூல் மட்டும் நின்றால், மண்ணிலும் சாக்கடை வாடை அடித்தால், அது அழுகல். நான் கீழே சொல்வது எல்லாம் அந்தக் கணக்கில்தான். வேர் காய்ந்து, கடித்துத் துண்டானது போல இருந்தால் கரையானோ வேர்ப்புழுவோ வேலை செய்திருக்கிறது. அது வேறு கதை. ஆனால் இரண்டு முறையும் கார்த்திகையில் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அழுகல் என்றே படுகிறது.

முதலில் இந்தப் புல் எந்த ஊர்க்காரர் என்று பார்ப்போம். ஃபவுண்டன் புல்லின் பூர்வீகம் வட ஆப்பிரிக்கா, கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியப் பக்கத்து வறண்ட நிலங்கள். பழைய பெயர் பென்னிசெட்டம். லத்தீனில் இறகு, மயிர் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்தது. பூங்கதிரைப் பார்த்தால் பெயர்க்காரணம் புரிந்துவிடும். 2010-ல் தாவரவியலாளர்கள் இந்தப் பேரினத்தையே செங்க்ரஸ் என்ற பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள், அதனால் புத்தகத்துக்குப் புத்தகம் பெயர் மாறியிருந்தால் குழம்ப வேண்டாம். நமக்குத் தெரிந்த உறவுக்காரர்கள் இந்தக் குடும்பத்தில் நிறைய. கம்பு இதன் பங்காளி. மாட்டுக்கு அறுத்துப் போடும் நேப்பியர் புல்லும் அப்படித்தான். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்கிற மானாவாரி மேய்ச்சல் நிலங்களில் மாடு மேயும் கொழுக்கட்டைப்புல்லும் இதே செங்க்ரஸ்தான். அந்தக் கொழுக்கட்டைப்புல்லை நம் டெல்டாவின் வயல்வெளியில் எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை வறட்சிக்குப் பழகியவை. தண்ணீர் நிற்கும் நிலம் அவற்றுக்கு ஆகாது.

இனி தங்கை வீட்டுக்கு வருவோம். டெல்டா என்றால் முழுக்க ஒரே மண் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள், நாமும் சில நேரம் மறந்துவிடுகிறோம். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு எல்லாம் புது டெல்டா. 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து கல்லணைக் கால்வாய் வந்த பிறகு பாசனம் கண்ட நிலம். அங்கே பெரும்பாலும் செம்மண், செம்மண் கலந்த மணல். மழை பெய்த மறுநாள் காலில் மண் ஒட்டாது. நன்னிலம், குடவாசல், திருவாரூர் பழைய டெல்டா. ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து படிய வைத்த களி. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊதிப் பெருத்து எல்லா வெடிப்பும் மூடிக்கொள்ளும். மூடிக்கொண்ட பிறகு அந்த மண்ணுக்குள் காற்றே கிடையாது. வேரும் மூச்சு விட வேண்டும். நெல்லுக்கு அந்தக் கவலை இல்லை, இலையிலிருந்து வேர் வரை காற்றைக் கொண்டுபோகிற குழல் போன்ற திசு அதற்கு உண்டு. ஃபவுண்டன் புல்லுக்கு அந்த வசதி போதாது. நாலு நாள் சேற்றில் நின்றால் நுனிவேர் சாக ஆரம்பிக்கும், செத்த வேரில் பூஞ்சாணம் குடியேறும். கடைசியில் வந்த பூஞ்சாணத்தைப் பார்த்துவிட்டு நாம் காப்பர் ஆக்சிகுளோரைடு வாங்க ஓடுகிறோம். அது பூஞ்சாணத்தை அடக்கலாம், மண்ணுக்குள் காற்றைக் கொண்டுவராது.

இன்னொரு விஷயமும் நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் செய்வது அதுதான். ஒரு முழத்துக்குக் குழி வெட்டி, அதில் செம்மண்ணும் எருவும் கலந்து நிரப்பி, நடுவில் செடியை வைத்திருப்பீர்கள். மாமரத்துக்கும் தென்னைக்கும் அப்படித்தான் பழக்கம். களிமண்ணில் வெட்டிய குழி என்பது மண்ணுக்குள் புதைத்த தொட்டி. சுற்றிலும் களி, நடுவில் பொலபொலப்பான கலவை. மழைத் தண்ணீர் எல்லாம் அந்தக் கலவைக்குள் இறங்கும், இறங்கிய தண்ணீருக்குப் போக வழியில்லை. போதாக்குறைக்கு நர்சரியிலிருந்து செடி தென்னைநார்க் கழிவில் வளர்ந்து வருகிறது. அது பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள்: ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள், மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றியது மறுநாள் காலையிலும் கிடந்தால், அந்த இடத்தில் குழிக்குள் எதை வைத்தாலும் கார்த்திகையில் போய்விடும். புது வீடு என்பதால் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். நடைபாதை ஓரத்தில் விழுந்தால் சோதனையே தேவையில்லை.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். கும்பகோணத்துக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில் முகப்பு வேலை. ஆவணி முகூர்த்தத்துக்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். ஆடியில் அறுபது தூர் வைத்தேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பழமொழி வேறு துணைக்கு இருந்தது. ஆவணி, புரட்டாசியில் படம் எடுக்காத ஆள் இல்லை, அப்படி ஒரு செழிப்பு. ஐப்பசி அடைமழை பிடித்து பத்து நாள் விடவில்லை. கார்த்திகை தீபத்தன்று போய்ப் பார்த்தபோது பதினெட்டு தூர்தான் மிச்சம். அந்தப் பதினெட்டும் எங்கே நின்றன என்று பார்த்தால், கொத்தனார் வேலை முடித்து உடைசல் கொட்டியிருந்த மேட்டில். நான் பார்த்துப் பார்த்துக் குழி எடுத்து, எரு போட்டு வைத்ததெல்லாம் அழுகியது. குப்பை மேட்டில் அவசரத்துக்குச் சொருகியது பிழைத்தது. எனக்கு அதற்கு மேல் ஒருவர் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே குழியை மறந்துவிடுங்கள், மேடு போடுங்கள். நடைபாதை ஓரமாகத் தரையின் மேல்மண்ணைக் கடப்பாரையால் சும்மா கிளறிவிட்டு, அதன் மேல் அடியில் மூன்றடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் இருக்கும்படி நீளமான மேட்டுப்பாத்தி எழுப்புங்கள். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு உடைத்த செங்கல் ஜல்லி, ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம். ஆற்று மணல் இருந்தால் ஜல்லிக்குப் பதில் போடலாம், இன்றைக்கு அதன் விலைக்குப் புல்லுக்குப் போட மனசு வராது. எம்-சாண்ட் போடுவதானால் தூசி போகக் கழுவிவிட்டுப் போடுங்கள், அந்த மாவு மண்ணின் இடுக்கை அடைத்துவிடும். இருக்கிற களியிலேயே நாலு கூடை மணலைக் கொத்திக் கலந்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. கொஞ்சம் மணல் சேர்ந்த களி காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும். ரைஸ் மில்லில் சும்மா கிடைக்கிற உமிக்கரி நல்ல பொருள்தான், ஆனால் அது காரத்தன்மை உள்ளது, பத்துக்கு ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஜிப்சம் என்று யாராவது சொன்னால், மண் பரிசோதனையில் களர், அதாவது சோடிய உப்பு ஏறிய மண், என்று வந்தால் மட்டும் போடுங்கள். வெறும் களியாக இருப்பதற்கு அது மருந்தாகாது. மேடு முதல் மழைக்காலத்தில் நாலு விரல் இறங்கும், அதைக் கணக்கில் வைத்துச் சற்று உயர்த்தியே போடுங்கள். மேட்டின் அடியில் சின்னதாக ஒரு வடிகால் இழுத்துத் தெருச் சாக்கடைக்கு விட்டுவிட வேண்டும். பாசன வாய்க்கால் வெட்டும்போதே வடிகாலும் வெட்டிய ஊர் நம்முடையது, வீட்டு வாசலில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

நடும் காலம் தை பிற்பகுதியும் மாசியும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது. அப்போது வைத்தால் ஐப்பசி வருவதற்குள் எட்டு மாத வேர் ஓடியிருக்கும். ஆடியில் வைத்த செடி மூன்று மாத வேரோடு அடைமழையில் மாட்டிக்கொள்கிறது. தூருக்குத் தூர் இரண்டரை முதல் மூன்று அடி இடைவெளி விடுங்கள். இப்போது காலியாகத் தெரியும், ஒரு வருடத்தில் இலை இலையைத் தொடும். தென்னைநார்ப் பந்தைத் தண்ணீரில் அலசிப் பாதியாவது உதிர்த்துவிட்டு வையுங்கள். தூரின் கழுத்து மேட்டின் மண்மட்டத்துக்கு ஒரு விரல் மேலேயே இருக்கட்டும். முதல் மூன்று வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர், அப்புறம் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. அக்னி நட்சத்திரத்தில் மட்டும் கொஞ்சம் கூடக் கொடுங்கள். வேப்பம் புண்ணாக்கு ஒரு கைப்பிடி ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். யூரியா வேண்டவே வேண்டாம். போட்டால் இலை நீண்டு, துவண்டு, தலைகுப்புறக் கவிழும். நிறமும் பச்சையாக ஓடிவிடும்.

நிறம் என்றதும் வெயிலைச் சொல்ல வேண்டும். இந்தக் கருஞ்சிவப்பு இலையில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. கத்திரிக்காய்த் தோலிலும் நாவல் பழத்திலும் இருப்பது அந்த வகைதான். வெயில் நேராக விழுந்தால்தான் அது நன்றாகச் சேரும். தினம் ஆறு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் வைத்தால் செடி சாகாது, ஆனால் அழுக்குப் பச்சையாக, பூக்காமல் நிற்கும். வாசல் வடக்குப் பார்த்ததா, தெற்கு பார்த்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. வடக்கு வாசலாக இருந்தால் மார்கழியில் வீட்டின் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறது என்று ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெட்டிவிடுவதைப் பற்றி இணையத்தில் படித்தால் குளிர்நாட்டுக் கணக்குதான் கிடைக்கும். அங்கே பனியில் இந்தச் சிவப்பு வகை செத்துப்போகும், பல பேர் வருடா வருடம் புதிதாக வாங்கி வைப்பார்கள். நமக்கு இது வருடம் முழுக்க நிற்கிற செடி. நான் செய்வது இது: பொங்கல் முடிந்து மழை முழுக்க விட்ட பிறகு, தூரைக் கயிற்றால் கட்டி, தரையிலிருந்து முக்கால் அடி விட்டு அரிவாளால் ஒரே வெட்டு. பத்துப் பதினைந்து நாளில் புதுத் துளிர் நல்ல சிவப்பில் வரும். மழைக்கு முன்னால், புரட்டாசியில், மொட்டையாக வெட்டவே கூடாது. வெட்டிய தாளில் தண்ணீர் இறங்கி அழுகலுக்கு அதுவே வாசல் திறந்துவிடும். மூன்று, நான்கு வருடத்தில் தூரின் நடு செத்து வளையம் மாதிரி ஆகும். இது நோய் கிடையாது, வயசு. மாசியில் முழுத் தூரையும் தோண்டி, செத்த நடுவை எறிந்துவிட்டு, ஓரத்தில் இருப்பதை ஐந்தாறு தட்டை சேர்ந்த துண்டுகளாக மண்வெட்டியால் வெட்டி, இலையைப் பாதியாகக் குறைத்து மறுபடி வையுங்கள். வாங்கிய இருபது செடி இப்படி எண்பதாகும். தங்கையிடம் நாலு தூர் கேட்டு வாங்கினாலே உங்கள் வாசலுக்குப் போதும், மூன்றாவது முறையும் காசு கொடுக்க வேண்டாம்.

விதைப் பாக்கெட் மட்டும் வாங்காதீர்கள். நர்சரிகளில் கிடைக்கும் இந்தச் சிவப்பு, ரூப்ரம் என்ற வகை, அநேகமாக முளைக்கிற விதை வைப்பதே இல்லை. தூர் பிரித்துத்தான் பெருக்குகிறார்கள். சிவப்பு ஃபவுண்டன் விதை என்று படம் போட்டு வருவது பச்சை இலைச் சாதாரண வகையாக இருக்கலாம், எதுவுமே முளைக்காமலும் போகலாம். பச்சை வகைதான் எனக்குக் கவலை. அது ஏகமாக விதை வைக்கும், விதை காற்றில் பறக்கும். அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் அழகுக்கு வைத்தது காட்டுக்குள் பரவி, காய்ந்து, தீக்கு எரிபொருளாகி, அந்த ஊர்ச் செடிகளை அழித்துக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் அதை ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் சேர்த்தது. நம் ஈர வயல்களில் அது அந்த அளவுக்குப் பரவும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் ரயில் பாதை மேடும் நெடுஞ்சாலைக் கரையும் அதற்குப் பிடித்த இடங்கள்தானே. சீமைக்கருவேலத்தைக் கொண்டுவந்து நாம் பட்டது போதாதா? சிவப்பை வையுங்கள், பச்சையைத் தொடாதீர்கள்.

அக்கம்பக்கத்தார் "புல் வைத்தால் பாம்பு வரும்" என்று சொல்லியிருப்பார்கள். முழுக்கத் தள்ளிவிட முடியாத பேச்சு. பாம்பு புல்லுக்காக வருவதில்லை, எலிக்காக வருகிறது. வயலுக்குப் பக்கத்து வீடு என்றால் வரப்பு எலி உங்கள் மேட்டுப்பாத்தியையும் வரப்பு என்றே எண்ணி வளை போடும். தூரின் அடியில் காய்ந்த தாளை வாராவாரம் உருவி எடுத்து, அடி தெரியும்படி வைத்திருங்கள், வளை தெரிந்தால் அன்றைக்கே மூடுங்கள். படிக்கட்டை ஒட்டி வைக்காமல் மூன்றடி தள்ளியே தொடங்குங்கள். ஆடு, மாடு விஷயத்தில் சொல்லவே வேண்டாம், கம்புக்குப் பங்காளி என்றேனே, கேட்டைத் திறந்து வைத்தால் ஒரு மாலையில் முடித்துவிடும்.

மேடு போட இடம் இல்லை, நடைபாதைத் தளத்தை உடைக்க வேண்டியிருக்கும் என்றால் ஒன்றரை அடி வாய் உள்ள சிமெண்ட் தொட்டியில் வையுங்கள். அடியில் மூன்று ஓட்டை, தொட்டிக்குக் கீழே மூன்று செங்கல். ஐப்பசி பிறந்ததும் தொட்டியின் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்த்தால் போதும். நான் இப்போதெல்லாம் பழைய டெல்டா வீடுகளுக்குத் தொட்டியைத்தான் முதலில் சொல்கிறேன், மேடு போடச் செலவழிக்கத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும் மேடு.

நடைபாதை முடிகிற இடத்தில் வாய்க்கால் ஓரம் தாழ்வாக இருக்கிறது, அங்கேயும் இதையே வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே வேண்டாம். அந்த இடத்துக்கு வெட்டிவேர் வையுங்கள். சிவப்பு இருக்காது, ஆனால் ஆளுயரத்துக்குப் பச்சையாக நீரூற்று மாதிரியே வளைந்து நிற்கும், தண்ணீர் நின்றாலும் கவலைப்படாது, வேர் பத்தடி ஆழத்துக்கும் இறங்கிக் கரையைப் பிடித்துக்கொள்ளும். அதையும் தூர் பிரித்துத்தான் வைக்க வேண்டும், அரை அடிக்கு ஒரு நாற்று. கொள்ளிடக் கரையில் வெள்ளையாகப் பூத்து நிற்கிறதே என்று நாணலைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், அதன் அடிக்கிழங்கு ஓடி இரண்டு வருடத்தில் பக்கத்து வீட்டுக் கத்திரிப் பாத்தியில் முளைக்கும், அப்புறம் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இருக்காது.